கிளுவை வேலியும் நம் குழந்தைச் செல்வங்களும்

கோயமுத்தூரிலிருந்து கரூர் செல்லும் நெடுஞ்சாலையில் பல்லடத்தைக் கடந்து கிழக்கு நோக்கிச் செல்லும்போது, நிலத்தின் தோற்றம் சிறிது சிறிதாக மாறுவதைக் காணலாம். தோட்டங்களின் பசுமை குறைந்து, செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலங்கள் விரிகின்றன. ஈரோட்டிலிருந்து தாராபுரம் செல்லும் சாலை இந்நெடுஞ்சாலையைச் சந்திக்கும் இடத்தில் அமைந்திருப்பதே காங்கேயம். முன்பு கோவை மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1979-இல் பெரியார் மாவட்டத்தில் சேர்ந்தது. 2009 முதல் திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாக விளங்குகிறது. திருப்பூர்ச் சாலையில் வருவோரைச் சிவன்மலை வரவேற்கும். அரிசி ஆலைகளும், தேங்காய்ப் பருப்பு காயும் களங்களும், எண்ணெய் ஆலைகளும் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. எனினும் காங்கேயம் என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழர் நெஞ்சில் வந்து நிற்பது திமில் உயர்ந்த அந்தக் காளைதான்.

அண்மையில் ஆலயத் திருவிழா ஒன்றை முன்னிட்டு இப்பகுதியில் சில நாட்கள் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. கொங்கு நாட்டில் நம் கத்தோலிக்க மக்கள் எண்ணிக்கையில் சிறுபான்மையினர். ஆலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் உழைத்து வாழும் குடும்பங்கள் பல. மாலைத் திருப்பலிக்குப் பின் பெற்றோர் வந்து பேசுவார்கள். தந்தைக்குப் பகல் ஷிப்டு, தாய்க்கு இரவு ஷிப்டு. பிள்ளைக்குத் துணை கைப்பேசி. தெருமுனையில் மதுக்கடை. பள்ளிக்கூடத்தில் சாதியை அடையாளம் காட்டும் கைக்கயிறு. ஒவ்வொருவரும் வெவ்வேறு கவலையைச் சொன்னாலும், முடிவில் எழுந்த கேள்வி ஒன்றே: "சாமி, இந்தக் காலத்துல பிள்ளைகளை எப்படிங்க காப்பாத்தறது?"

இக்கேள்விக்குத் திருமறை கூறும் விடையைச் சிந்திக்கக் காங்கேயத்து மேய்ச்சல் நிலங்களே எனக்குத் துணைபுரிந்தன.

இப்பகுதியின் மேய்ச்சல் நிலத்திற்குக் கொறங்காடு என்று பெயர். மழை குறைந்த, உழவுக்கு அவ்வளவாக இடந்தராத நிலத்தை இங்குள்ள குடியானவர்கள் தரிசாக விட்டுவிடவில்லை. கொழுக்கட்டைப் புல்லை வளர்த்தார்கள். நிழலுக்காகவும் மாடுகள் தின்னும் காய்களுக்காகவும் வெள்வேல் மரங்களைப் பேணினார்கள். சுற்றிலும் முள்கிளுவையை நட்டு உயிர்வேலி அமைத்தார்கள். ஒரு பகுதியில் புல் தீர்ந்தால் வேலியடைத்த மற்றொரு பகுதிக்கு மாடுகளை மாற்றுவார்கள். உடன் மேய்ப்பவன் இல்லாமலேயே மாடும் கன்றும் அந்த வேலிக்குள் அச்சமின்றி மேய்கின்றன. பாளையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் போன்றோர் பேணி வளர்த்த காங்கேயம் மாட்டினம் தழைத்தது இத்தகைய நிலத்தில்தான்.

ஒரு நாள் காலை, வேலியோரம் வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரைக் கண்டு நின்றேன். நம் சமயத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அங்கியைக் கண்டதும் கைகுவித்து, "வாங்க சாமி" என்றார்.

"ஐயா, கம்பி வேலி போட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடுமே, இத்தனை பாடு எதற்கு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "கம்பி போட்ட அன்னிக்கே துருப்பிடிக்க ஆரம்பிச்சுருமுங்க சாமி. இது அப்படியில்லீங்க. நட்ட அன்னிக்கு வெறும் குச்சி. வருசம் போகப் போகத்தான் கெட்டியாகும். ஆனா நட்டுப்போட்டு மறந்துட்டா ஓட்டை உழுந்துருமுங்க. வருசா வருசம் பார்க்கோணும்."

பெற்றோர் கேட்ட கேள்விக்கு இதைவிடச் சுருக்கமாக விடையளிக்க என்னால் இயலாது. குழந்தையைக் காப்பது ஒரே நாளில் கட்டி முடிக்கும் சுவரன்று. அது நம் கையால் நட்டு, நம் கண்முன் வளர்த்து, ஆண்டுதோறும் செப்பனிடவேண்டிய உயிர்வேலி.

திருமறையிலும் வேலி வருகிறது. இறைவாக்கினர் இசையாஸ் பாடிய திராட்சைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். உரிமையாளர் நிலத்தைக் கொத்தினார்; கல் பொறுக்கினார்; வேலியடைத்தார்; உயர்ந்த கொடிகளை நட்டார்; காவல் கோபுரமும் கட்டினார். யோபு ஆகமத்திலோ, அந்த நல்லவரையும் அவர் வீட்டையும் சுற்றி இறைவன் வேலியடைத்துவிட்டார் என்று முறையிடுகிறான் சாத்தான். வேலியைக் கண்டு எரிச்சல் கொள்பவன் எவன் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. அதே வேளையில் இசையாஸ் மற்றொன்றையும் உணர்த்துகிறார்: அத்தனை காவலுக்குப் பின்னும் அத்தோட்டம் காட்டுப் பழங்களையே தந்தது. வெளியிலிருந்து வரும் கேட்டைத் தடுத்தால் மட்டும் போதாது; உள்ளே என்ன வளர்கிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

காங்கேயம் கன்றைப் பார்த்தவர்கள் ஒரு வியப்பை அறிவார்கள். சாம்பல் வெண்மையான தாய்க்குப் பிறக்கும் கன்று செந்நிறமாக இருக்கும். ஐந்தாறு மாதங்கள் சென்றபின்தான் அச்செந்நிறம் மாறி, தன் இனத்தின் நிறத்தைப் பெறும். பிறந்த அன்றே தாயின் நிறம் வரவில்லையே என்று எந்தக் குடியானவனும் கன்றை வெறுப்பதில்லை. விசுவாசமும் இவ்வாறே காலம் எடுத்து வளர்வது. திமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடமும், பின் தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்தது என்று புனித சின்னப்பர் நினைவுகூர்கிறார். அவர்கள் வாழ்ந்தது எத்தகைய ஊர்? சின்னப்பரைக் கல்லால் எறிந்து, இறந்துவிட்டார் என்று எண்ணி வெளியே இழுத்துப் போட்ட லீஸ்திரா நகரம் அது. தந்தையோ கிரேக்கர். அத்தகைய ஊரில், அத்தகைய வீட்டில், இரு பெண்கள் மறைநூலைச் சிறுவனுக்குப் பால்போல் ஊட்டினார்கள். பகைமை நிறைந்த சூழலில் பிள்ளையை வளர்ப்பது முடியாத செயல் என்று சொல்பவர்களுக்கு அவ்விரு பெண்களே மறுமொழி.

காங்கேயத்தைச் சுற்றிலும், திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களிலும் நூற்பாலைகள் மிகுதி. "சுமங்கலித் திட்டம்" என்ற மங்கலமான பெயரை இங்குள்ள பலர் அறிவர். வறுமை நிறைந்த கிராமங்களிலிருந்து பருவப் பெண்களை அழைத்து வந்து, ஆலை விடுதியிலேயே தங்கவைத்து, மூன்றாண்டுகள் வேலை வாங்கினார்கள். முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகத் தருவோம், திருமணத்திற்கு உதவும் என்றார்கள். இடையில் நோயுற்றோ மனம் வெறுத்தோ வெளியேறிய பெண்ணுக்கு அம்மொத்தத் தொகை கிட்டாமற்போன கதைகள் பல. 2011-ஆம் ஆண்டளவில் இது அயல்நாடுகளிலும் பேசப்பட்டு, பன்னாட்டு ஆடை வணிகர்களும் மறுமொழி கூறவேண்டியதாயிற்று. அப்பெண்களின் பெற்றோர் கல்நெஞ்சர்கள் அல்லர். "விடுதிக்குள் பத்திரமாக இருப்பாள், வெளியே விடமாட்டார்கள்" என்ற வார்த்தையை நம்பியவர்கள். உயர்ந்த மதிலையும் பூட்டிய கதவையும் பாதுகாப்பு என்று எண்ணிவிட்டார்கள். வரதட்சணையைத் தடை செய்யும் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. எனினும் அந்த ஆசைக்குத் தீனி போடவே இச்சிறுமிகளின் பள்ளிப் பருவம் செலவாயிற்று. அத்திட்டத்தின் பெயர் இன்று அதிகம் கேட்பதில்லை. ஆனால் பெண்பிள்ளை ஒரு சுமை, அச்சுமையை அவளே உழைத்து இறக்கட்டும் என்னும் எண்ணம் நம் வீடுகளிலிருந்து அகன்றுவிட்டதா என்று ஒவ்வொரு பெற்றோரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நலம்.

யாத்திராகமத்தின் தாய் ஒருத்தியை இங்கு நினைவுகூர்வோம். ஆண் குழந்தைகளை ஆற்றில் எறியும்படி பாரவோன் ஆணையிட்ட காலம். அரசனை எதிர்க்க அவளிடம் படையில்லை. மூன்று மாதங்கள் குழந்தையை மறைத்து வைத்தாள். இனி மறைக்க இயலாது என்றபோது, கோரைக் கூடையை எடுத்து, நீர் புகாதவாறு கீலும் பிசினும் பூசினாள். குழந்தையைக் கிடத்திக் கரையோர நாணலுக்குள் வைத்தாள். அதற்குமேல் ஒன்று செய்தாள்: குழந்தையின் அக்காள் தூரத்தில் நின்று கவனித்தாள். ஆற்றில் விடுவதற்கும் கைவிடுவதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. நம் பிள்ளைகளும் ஒரு நாள் வெளியூர்க் கல்லூரிக்கோ வேலைக்கோ செல்லத்தான் வேண்டும். கூடையில் பிசின் பூசினோமா, கரையில் கண்காணிக்க ஒருவரை நிறுத்தினோமா என்பதே கேள்வி.

மோயீசனைக் காத்த மற்றொரு கை யாருடையது? பாரவோனின் மகளுடையது. கொலை ஆணை பிறந்த அதே அரண்மனையிலிருந்து இரக்கமும் வந்தது. ஆகவே "பகைமை நிறைந்த உலகம்" என்று பேசும்போது, நம் அண்டை அயலாரைப் பகைவராகக் கருதும் தவற்றுக்கு இடந்தரலாகாது. பிற சமயத்தைச் சேர்ந்த பக்கத்து வீட்டு அம்மையார் நம் பிள்ளைக்குச் சோறூட்டிக் காக்கும் எத்தனையோ இல்லங்களை இக்கொங்கு நாட்டில் கண்டிருக்கிறேன். குழந்தையை விழுங்க வரும் கேடு எதுவோ அதுவே பகை. சில வேளைகளில் அது நம் வீட்டுக்குள்ளேயே அமர்ந்திருக்கும்.

இதை விளக்க மற்றோரிடத்திற்கு உங்களை அழைத்துச் செல்லவேண்டும். காங்கேயத்திற்கு வடக்கே, சென்னிமலைப் பக்கம், நொய்யலாற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை நிற்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியைச் சேரும் ஆறு நொய்யல். வறண்ட வயல்களுக்கு நீர் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு 1992-இல் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் மேலே திருப்பூரின் சாயப்பட்டறைகளிலிருந்து வெளியேறிய கழிவு ஆற்றில் கலந்து வந்து அணையில் தேங்கியது. பயிருக்காகத் தேக்கிய நீரே பயிருக்குக் கேடாயிற்று. கிணறுகளும் கெட்டன. விவசாயிகள் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். கழிவைச் சிறிதும் வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்யாத சாய ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அணையை எவ்வளவு உறுதியாகக் கட்டினாலும், மேலே கலக்கும் நஞ்சை அணையால் நிறுத்த முடியவில்லை.

அரசர் ஆகமத்தில் எரிக்கோ நகரத்தார் எலிசேயுவிடம் வந்து முறையிடுகிறார்கள்: ஊர் நல்ல ஊர்தான், நீர்தான் கெட்டுக் கிடக்கிறது, நிலம் விளைவு தரவில்லை என்று. இறைவாக்கினர் புதிய பாத்திரத்தில் உப்புக் கொண்டுவரச் சொன்னார். ஓடிவந்த நீரில் அதைத் தூவாமல், ஊற்று எழும் இடத்திற்கே சென்று இட்டார். நீர் நலமடைந்தது.

பெற்றோரே, பிள்ளை என்னும் ஓடைக்கு ஊற்று நம் இல்லமே. தந்தை நாள்தோறும் குடித்துவிட்டு வந்து, மகனிடம் ஒழுக்கம் பேசினால் அச்சொல் நிற்குமா? தாயும் தந்தையும் உணவு வேளையில் கைப்பேசியில் மூழ்கியிருக்க, பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்குவதால் பயன் என்ன? வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பிற சாதியாரை இழித்துப் பேசும் பேச்சு, உள்ளே பாடம் படிக்கும் குழந்தையின் செவியில் விழவில்லை என்று எண்ணுகிறோமா? ஊற்றில் உப்பிடாமல் ஓடையைக் குறை கூறுவதில் பொருளில்லை.

சாதியைப் பற்றிப் பேசத் தொடங்கியபின் ஒரு துயரத்தைச் சொல்லாமல் இருக்க இயலாது. இதே திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த உடுமலைப்பேட்டையில், 2016 மார்ச் 13 அன்று, பட்டப்பகலில், பேருந்து நிலையம் அருகே, சங்கர் என்ற தலித் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பொறியியல் படித்தவர். வேறு சாதிப் பெண்ணை மணந்தவர். உடனிருந்த இளம் மனைவியும் வெட்டுண்டு உயிர் தப்பினார். நாடு முழுவதும் அக்காட்சியைக் கண்டு நடுங்கிற்று. குடும்ப மானத்தைக் காக்கிறோம் என்ற பெயரால் இத்தகைய கொலைகள் தமிழகத்தில் நிகழ்ந்தவண்ணம் உள்ளன. காவல் என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய இழிவு உண்டோ? நீதிபதிகள் ஆகமத்தில் ஜெப்தே என்னும் தலைவன், போருக்குச் செல்லுமுன் தான் உரைத்த சொல்லைக் காப்பதற்காக, மேளத்துடன் ஆடிவந்து தன்னை வரவேற்ற ஒரே மகளைப் பலியிட்டான். தன் வாயின் மானம் அவனுக்கு மகளின் உயிரைவிட உயர்ந்ததாகப்பட்டது. அத்தகைய பலியை இறைவன் கேட்கவில்லை.

இது நமக்கு அயலான பாவம் என்று கிறிஸ்தவர்களாகிய நாம் ஒதுங்கிவிட முடியாது. இறந்தோரின் கல்லறைத் தோட்டத்திலேயே சாதிக்கொரு பகுதியென்று சுவர் எழுப்பிய இடங்கள் தமிழகத் திருச்சபையில் உண்டு. ஞானஸ்நானத்தில் கிறிஸ்துவை அணிந்துகொண்டோரிடையே யூதர் கிரேக்கர் என்றில்லை, அடிமை உரிமைக்குடி என்றில்லை என்று கலாத்தியருக்குச் சின்னப்பர் எழுதியதை ஆலயத்தில் கேட்டுவிட்டு, வீட்டில் பெண் பார்க்கும்போது மறந்துவிடுகிறோம். கிளுவையின் முள் வெளியிலிருந்து வரும் கேட்டைத் தடுப்பதற்கு. அம்முள்ளை ஒடித்துக் கன்றின் கண்ணில் குத்துபவன் மாடு வளர்ப்பவன் ஆகமாட்டான்.

கொறங்காட்டு வேலியில் நான் கண்டு மகிழ்ந்த மற்றொன்று அதன் படல். வேலி எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும், மாடு வெளியே செல்லவும் உள்ளே வரவும் வழி உண்டு. வாயில் இல்லாத வேலி சிறையாகிவிடும். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட தானியேலும் அவர் தோழரும் அந்நாட்டின் எழுத்தையும் மொழியையும் மூன்றாண்டுகள் கற்றார்கள். புதுப் பெயர்களையும் தாங்கினார்கள். ஆனால் அரசனின் உணவால் தங்களைத் தீட்டுப்படுத்திக் கொள்ளமாட்டோம் என்று உறுதியாக நின்றார்கள். கற்கவேண்டியது எது, உண்ணக் கூடாதது எது என்று பிரித்தறியும் அறிவை எருசலேமிலிருந்த இல்லங்கள் அவர்களுக்கு முன்னரே அளித்திருக்கவேண்டும். நம் பிள்ளைகளும் கணினி கற்கட்டும், பிறமொழிகள் கற்கட்டும், எல்லாச் சமயத்தாரோடும் நட்புக் கொள்ளட்டும். கைப்பேசித் திரையில் வருகின்ற எதை உண்ணலாகாது என்று சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு நம்முடையது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட "அன்பின் மகிழ்வு" என்னும் திருமடலில் இதையே வலியுறுத்தினார். பிள்ளை இப்போது எந்த இடத்தில் நிற்கிறான் என்று ஓயாமல் துப்பறிவது வளர்ப்பாகாது. அவன் உள்ளம் எங்கே நிற்கிறது என்பதை அறிய முயலவேண்டும் என்பது அவர் அறிவுரை. பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்று 1965-இல் வத்திக்கான் பொதுச் சங்கம் கூறியதும் இப்பொறுப்பையே.

இனி, செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். ஷிப்டு வேலையால் எல்லாரும் நாள்தோறும் ஒன்றுகூட இயலாத வீட்டில், வாரத்தில் மூன்று நாட்களேனும் ஒருமித்து உணவருந்தி, ஒரு பத்து மணிச் செபமாலையாவது சொல்லுங்கள். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் நேரத்தில், மோயீசனின் அக்காளைப்போல் கரையில் நிற்கப்போவது யார் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அன்பியக் குடும்பங்கள் முறை வைத்து இப்பணியை ஏற்றால், பங்கு முழுவதுமே உயிர்வேலியாகும். பதினான்கு வயது நிறையாத பிள்ளையைப் பிறரிடம் வேலைக்கு வைப்பதையும், பதினெட்டு நிறையாதோரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதையும் 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் தடுக்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

பிள்ளை தனக்கு நேர்ந்த தீங்கை நடுங்கிக்கொண்டு சொல்ல வரும்போது, "வெளியே சொல்லாதே, மானம் போகும்" என்று வாயடைக்காதீர்கள். தீங்கிழைத்தவர் உறவினரோ, ஆசிரியரோ, குருவானவரோ, யாராயினும் மறைக்கலாகாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரையும் காக்கிறது. குற்றம் அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதையே குற்றமாகக் கருதுகிறது. இத்தகைய முறையீடுகளை ஏற்கும் ஏற்பாடு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இருக்கவேண்டும் என்று 2019-இல் திருத்தந்தையும் கட்டளையிட்டார். 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள். பிள்ளைக்கு மனப்பாடமாகவும் சொல்லிக்கொடுங்கள்.

ஏரோதுவின் வாளுக்குத் தப்பி, நள்ளிரவில் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு அந்நிய நாட்டிற்கு நடந்தவர் புனித சூசையப்பர். ஆபத்து நீங்கியபின் நாசரேத்தூருக்குத் திரும்பிவந்து, பாலன் ஞானத்திலும் வயதிலும் வளர ஒரு சிற்றில்லத்தையும் ஒரு தச்சுப் பட்டறையையும் தந்தவரும் அவரே. அவர் பேசிய சொல் ஒன்றுகூட நற்செய்தியில் இல்லை. எழுந்தார், அழைத்துச் சென்றார் என்றே எழுதப்பட்டிருக்கிறது. நம் குழந்தைகளுக்கும் நம்மிடமிருந்து வேண்டுவது அவ்வாறு எழுந்திருக்கும் தந்தையும் தாயுமே. திருக்குடும்பத்தின் ஆசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக!